நான் படித்துக் காட்டிய கடிதம்

மதுரைத் தெப்பக்குளத்துப் பக்கம் ஒரு ஸ்டாண்டில் இருபத்திரண்டு வருஷம் ஆட்டோ ஓட்டினேன். அதில் பாதிக் காலம் எனக்கு இன்னொரு உத்தியோகமும் இருந்தது. யாருக்கு எஃப்.சி. முடிகிறது, யார் பர்மிட் புதுப்பிக்க வேண்டும், யாருடைய இன்சூரன்ஸ் தேதி நெருங்குகிறது என்று ஒரு நோட்டில் எழுதி வைத்திருப்பேன். பிளஸ் டூ வரை படித்தவன், இங்கிலீஷை எழுத்துக் கூட்டியாவது படிப்பவன் என்பதால் தானாக வந்து சேர்ந்த பதவி அது. 'பேப்பர் அண்ணன்' என்று கூப்பிடுவார்கள். கூப்பிடும்போது கொஞ்சம் நெஞ்சு நிமிரும், மறுக்கவில்லை.

அந்தப் பதவியில் இருந்துகொண்டு நான் ஒரு பையனுக்குச் செய்ததை இங்கே எழுதுகிறேன். அவன் பெயர் வேண்டாம். தம்பி என்றே சொல்கிறேன், அப்படித்தான் கூப்பிடுவேன்.

முதலில் எங்கள் ஸ்டாண்டில் இன்சூரன்ஸ் எப்படிப் பார்க்கப்பட்டது என்று சொல்லிவிட வேண்டும். போலீஸ் மடக்கினால் நீட்ட ஒரு காகிதம், எஃப்.சி.க்குப் போகும்போது கேட்பார்கள், அவ்வளவுதான். இன்சூரன்ஸ் இல்லாமல் ஓட்டினால் சட்டத்தில் அபராதம் 2019 வரை ஆயிரம் ரூபாய்தான். பிரீமியமோ அதைப் போலப் பல மடங்கு. ஒருமுறை மாட்டினாலும் லாபம்தானே என்று விரல்விட்டுக் கணக்குச் சொன்ன ஆட்களும் உண்டு. காருக்கும் பைக்குக்கும் புதிதாக வாங்கும்போதே தேர்ட் பார்ட்டியை மூன்று வருஷம், ஐந்து வருஷம் என்று மொத்தமாகப் போட்டுவிடும் முறை 2018-இல் வந்தது. ஆட்டோவுக்கு அது கிடையாது. வருஷா வருஷம் அதே வயிற்றெரிச்சல்.

அதனால் என்னிடம் வருகிறவர்கள் கேட்கும் கேள்வி ஒன்றே ஒன்றுதான். "எங்கண்ணே கம்மி?"

இந்தக் கேள்விக்கு நேர்மையான பதில் இரண்டு வரியில் முடிந்துவிடும். தேர்ட் பார்ட்டிக்கு எங்கே போனாலும் ஒரே விலை. ஆட்டோவுக்கு ஒரு அடிப்படைத் தொகை, அதற்கு மேல் ஒவ்வொரு பயணி சீட்டுக்கும் ஒரு தொகை என்று அரசாங்கம் நிர்ணயித்து வைத்திருக்கிறது. கம்பெனிக்குக் கம்பெனி மாறுவது சொந்த வண்டிச் சேதத்துக்கான பகுதி மட்டும். ஆனால் இரண்டு வரியில் பதில் சொன்னால் பேப்பர் அண்ணனுக்கு என்ன மரியாதை? "நம்ம ஆளு ஒருத்தன் இருக்கான், பேசிக் குறைச்சுத் தரேன்" என்பேன். அந்த ஆள் ஒரு ஏஜென்ட். பாலிசிக்கு இருநூறு முந்நூறு எனக்குக் கொடுப்பார். குறைப்பது எப்படி என்றால், வண்டியின் மதிப்பைக் குறைத்துப் போடுவது. ஐ.டி.வி. என்பார்கள். ஒரு லட்சத்துக்குப் போகிற வண்டியை அறுபதாயிரம் என்று எழுதினால் பிரீமியம் இறங்கும். வண்டி திருடு போனாலோ நசுங்கிப் போனாலோ அந்த அறுபதாயிரத்துக்கு மேல் ஒரு பைசா வராது. அதை நான் சொல்ல மாட்டேன். போன வருஷம் கிளெய்ம் வாங்கியவனையும் 'வாங்கவில்லை' என்று எழுதவைத்து நோ கிளெய்ம் போனஸ் கழித்துக் கொடுத்ததும் உண்டு. அது பின்னால் தெரிந்தால் கிளெய்மையே தட்டிவிடுவார்கள் என்று தெரிந்தேதான் செய்தேன்.

தெரிந்தே என்று எழுதுகிறேன். அது எப்படித் தெரியும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் படிக்கிற நீங்கள் 'பாவம், படிக்காத டிரைவர்' என்று என்னை மன்னித்துவிடுவீர்கள். இத்தனை வருஷமும் அந்த மன்னிப்பில்தான் குளிர் காய்ந்துகொண்டிருந்தேன்.

2016-இல் கீழவாசல் பக்கம் ஒரு டவுன் பஸ் என் வண்டியின் முன்பக்கத்தை உரசிக்கொண்டு போனது. மட்கார்டு கிழிந்து, ஹெட்லைட் உடைந்து, பெயின்ட் போய் மூளியாக நின்றது வண்டி. ஃபுல் இன்சூரன்ஸ்தானே என்று தைரியமாக ஒர்க்‌ஷாப்பில் விட்டேன். சர்வேயர் வந்து சுற்றிச் சுற்றிப் பார்த்தார். எழுதிக்கொண்டே, "மட்கார்டு வராது, லைட் வராது, பெயின்ட் வராது" என்றார். ஆட்டோவுக்கு மட்கார்டு, பம்பர், விளக்கு, டயர், பெயின்ட் இவையெல்லாம் ஃபுல் இன்சூரன்ஸிலும் தானாகச் சேராதாம். வண்டி மொத்தமாக அழிந்தால்தான் கணக்கில் வருமாம். சேர வேண்டும் என்றால் ஐ.எம்.டி. 23 என்று ஒரு ஷரத்து இருக்கிறது, கூடுதல் காசு கட்டி அதைப் போட்டிருக்க வேண்டும். ஆட்டோவில் உரசல் என்றால் இந்த நாலு சாமானைத் தவிர வேறு எது அடிபடும்? அன்றைக்கு எனக்கு வந்த கோபத்தில் மொத்தப் பாலிசியையும் எடுத்து வைத்துக்கொண்டு, காலேஜில் படித்த என் மகனைப் பக்கத்தில் உட்காரவைத்து, ஞாயிற்றுக்கிழமை முழுவதும் வரி வரியாகப் படித்தேன். புரியாத வார்த்தைக்கு அவன் அர்த்தம் சொன்னான்.

அப்போதுதான் ஒரு விஷயம் பட்டது. தேர்ட் பார்ட்டி என்றால் மூன்றாம் ஆள். பாலிசி எடுத்தவன் ஒருத்தன், கம்பெனி ஒருத்தன், மற்ற எல்லாரும் மூன்றாம் ஆள். ரோட்டில் நடந்து போகிறவர், எதிரே பைக்கில் வருகிறவர், பின்சீட்டில் உட்கார்ந்திருக்கும் சவாரி எல்லாரும் அதில் அடக்கம். ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு முன்னால் உட்கார்ந்திருக்கும் சொந்தக்காரன் மட்டும் அடக்கமில்லை. ஊரில் எல்லாருக்கும் குடை பிடித்துக்கொண்டு நனைகிறவன் அவன்தான். அவனுக்கென்று தனியாக ஒரு சின்ன வரி உண்டு, ஓனர் டிரைவருக்கான விபத்துக் காப்பீடு. அது கிடைக்க மூன்று நிபந்தனை: ஆர்.சி. அவன் பெயரில் இருக்க வேண்டும், பாலிசி அவன் பெயரில் இருக்க வேண்டும், லைசென்ஸ் உயிரோடு இருக்க வேண்டும். மூன்றில் ஒன்று இல்லாவிட்டாலும் கிடையாது. என் மகன் இந்த இடத்தில் பென்சிலால் கோடு போட்டான். அந்தப் பாலிசி இன்னும் என் பீரோவில் இருக்கிறது.

அந்தத் தொகை அப்போது 2 லட்சம். சென்னை உயர் நீதிமன்றம் 2017-இல் இது போதாது, உயர்த்துங்கள் என்று சொன்ன பிறகு 2018 செப்டம்பரில் அதை 15 லட்சம் ஆக்கினார்கள். அறிவித்தபோது அதற்கு வருஷத்துக்கு 750 ரூபாயும் வரியும். ஸ்டாண்டில் எல்லாரும் அந்த 750-ஐத் திட்டினார்கள். நானும் சேர்ந்து திட்டினேன்.

இனி தம்பி.

அவன் மூன்று வருஷம் எங்கள் ஸ்டாண்டில் ஆக்டிங் டிரைவராக, யாருக்கு உடம்பு சரியில்லையோ அவர்கள் வண்டியை வாடகைக்கு வாங்கி ஓட்டியவன். கல்யாணமாகி ஒரு பெண் குழந்தை. சொந்தமாக ஒரு வண்டி வாங்கிவிட வேண்டும் என்பது அவனுக்கு நோய் மாதிரி. 2019 ஆடியில் அனுப்பானடியில் ஒருத்தர் வண்டியை விற்கப்போவதாக என் காதுக்கு வந்தது. ஆடியில் யாரும் வாங்க மாட்டார்கள் என்பதால் விலை படிந்தது. ஆவணி பிறந்ததும், மனைவியின் சங்கிலியை அடகு வைத்து, மீதிக்கு வட்டிக்கு வாங்கி, முடித்தான். புரோக்கர் நான்தான். விற்றவரிடம் இரண்டாயிரம், வாங்கியவனிடம் இரண்டாயிரம்.

பேர் மாற்றும் வேலைக்கு என்று தனியாக ஐயாயிரம் என் கையில் வைத்தான். "எல்லா மாத்தும் நீங்களே பாத்து விட்ருங்கண்ணே" என்றான். எல்லா மாத்தும் என்றால் ஆர்.சி., பர்மிட், இன்சூரன்ஸ். முதல் இரண்டையும் ஒழுங்காகவே செய்தேன். 29, 30 இரண்டு ஃபாரத்திலும் கையெழுத்து வாங்கி, ஆர்.டி.ஓ. ஆபீஸுக்கு நாலு நடை நடந்து, அவன் பெயரில் ஆர்.சி. வந்தது. மாலை போட்டுத் தெப்பக்குளம் மாரியம்மன் கோயிலில் பூஜை போட்டான். எலுமிச்சம்பழத்தில் சக்கரம் ஏற்றிய சத்தம்கூட ஞாபகம் இருக்கிறது.

இன்சூரன்ஸ் பாக்கி. விற்றவர் எடுத்திருந்த பாலிசிக்கு இன்னும் எட்டு மாதம் ஆயுள் இருந்தது. வண்டி கைமாறினால் 14 நாளுக்குள் கம்பெனிக்கு எழுதிக் கொடுத்துப் பெயர் மாற்ற வேண்டும். அதற்குக் கட்டணம் 50 ரூபாய். பழைய ஓனருக்குக் கழித்திருந்த நோ கிளெய்ம் போனஸ் வண்டிக்குச் சொந்தமில்லை, ஆளுக்குச் சொந்தம். ஆகவே மிச்ச மாதங்களுக்கு அந்த வித்தியாசத்தைக் கட்ட வேண்டும். தம்பி பெயரில் ஓனர் டிரைவர் காப்பீடு புதிதாகப் போட வேண்டும். எல்லாம் சேர்ந்து இரண்டாயிரத்தைத் தொட்டிருக்காது. ஐயாயிரத்தில் என்னிடம் அதற்குப் போதுமான மிச்சம் இருந்தது.

நான் செய்யவில்லை. பெயர் மாற்றத்தில் ஏஜென்ட்டுக்குக் கமிஷன் இல்லை, எனவே எனக்கும் இல்லை. ஆபீஸ் ஊருக்கு அந்தக் கடைசியில். "பழைய பாலிசி எட்டு மாசம் ஓடும்டா, அது முடிஞ்சதும் உன் பேர்ல புதுசாப் போட்டுக்கலாம், இப்ப எதுக்குத் தண்டம்?" என்றேன். "சரிண்ணே" என்றான். மிச்சக் காசைக் கேட்கவில்லை. அலைந்த கூலி என்று நானும் வைத்துக்கொண்டேன். அந்த வாரம் என் வீட்டுக்கு ஒரு மிக்ஸி வந்தது.

தீபாவளி கழிந்து பத்துப் பன்னிரண்டு நாள் இருக்கும். ஐப்பசி மழை. இரவு பத்தரை மணிக்கு ஒரு அம்மாவை ஏற்றிக்கொண்டு விரகனூர் பக்கம் போயிருக்கிறான். தண்ணீர் தேங்கிய பள்ளம் தெரியவில்லை. ஒடித்திருக்கிறான், வண்டி வலப்பக்கம் சாய்ந்துவிட்டது. அந்த அம்மாவுக்குத் தோள்பட்டை எலும்பு முறிவு. தம்பியின் வலது கால் வண்டிக்கும் ரோட்டுக்கும் நடுவில். பெரியாஸ்பத்திரியில் ஒன்பது நாள் பார்த்துவிட்டு முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். ஆட்டோவில் பிரேக் வலது காலுக்கு. ஓட்டாதவர்களுக்கு அது தெரிந்திருக்காது என்பதால் சொல்கிறேன்.

வார்டுக்குப் போனேன். ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு போனேன். அவன் முதலில் கேட்டது, "அந்த அம்மா எப்படிண்ணே இருக்காங்க?" அப்புறம் கொஞ்ச நேரம் ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "இன்சூரன்ஸ் இருக்குல்லண்ணே?" என்றான்.

"இருக்குடா, பாத்துக்கலாம்" என்றேன்.

அவன் மனைவி என்னைக் கையெடுத்துக் கும்பிட்டது. படிக்கட்டில் இறங்கும்போதே நான் கணக்குப் போட்டுவிட்டேன். இரண்டு உறுப்பு போனால் முழுத் தொகை, ஒன்று போனால் பாதி. பதினைந்தில் பாதி, ஏழரை லட்சம். அவன் பெயரில் பாலிசி இருந்திருந்தால்.

கிளெய்ம் எழுதிப் போட்டோம். எழுதியது நான்தான். வராது என்று தெரிந்துகொண்டே எழுதினேன். ஒன்றரை மாதம் கழித்துக் கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது. ஒரே பக்கம், இங்கிலீஷ். தம்பி அதைப் பிரிக்காமலே கொண்டுவந்தான். அப்போது கக்கத்தில் கட்டை ஊன்றப் பழகிக்கொண்டிருந்தான். ஸ்டாண்டில் ஏழெட்டுப் பேர் கூடி நின்றார்கள். "படிங்கண்ணே" என்றார்கள்.

கடிதத்தில் இருந்தது இது: பாலிசி இன்னும் பழைய உரிமையாளர் பெயரிலேயே இருக்கிறது. கைமாறிய விவரம் 14 நாளுக்குள் எங்களுக்குத் தெரிவிக்கப்படவில்லை. ஆகவே வண்டிச் சேதத்துக்குப் பணம் தர இயலாது. தனிநபர் விபத்துக் காப்பீடு பாலிசியில் பெயருள்ளவருக்கு மட்டுமே பொருந்தும், எனவே அதுவும் இயலாது.

நான் அதை மனசுக்குள் இரண்டு தடவை படித்தேன். பிறகு வாய்விட்டுப் படித்துக் காட்டினேன். "ஏதோ விதிமுறைங்கிறான், ரூல்ஸ்படி ஆட்டோ டிரைவருக்கு வராதுங்கிறான். சும்மா நொண்டிச் சாக்குடா. காசு வாங்கும்போது இனிக்கும், குடுக்கும்போது கசக்கும், எல்லாக் கம்பெனிக்காரனும் இப்படித்தான்."

கால் போனவன் முன்னால் நின்று நொண்டிச் சாக்கு என்ற வார்த்தையைச் சொன்னேன். யாரும் கவனிக்கவில்லை. எல்லாரும் கம்பெனியைத் திட்ட ஆரம்பித்தார்கள். அவர்களைவிடச் சத்தமாக நான் திட்டினேன். தம்பி கடிதத்தை வாங்கி நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "விடுங்கண்ணே, நீங்க என்ன பண்ணுவீங்க" என்றான்.

ஒரு வக்கீலைப் பார்க்கப் போனபோதும் கூடப் போனேன். யாராவது உண்மையைச் சொல்லிவிடப் போகிறார்களே என்ற பயத்தில்தான் போனேன், அவனுக்குத் துணையாக என்று நினைத்துவிடாதீர்கள். வக்கீல் பொறுமையாகச் சொன்னார். தன் வண்டியைத் தானே ஓட்டி விழுந்தவன் நஷ்டஈடு கேட்டு யார் மேல் வழக்குப் போடுவான்? தன் மேல் தானேயா? தம்பிக்குப் புரிந்ததோ இல்லையோ, தலையாட்டினான். பெயர் மாற்றாமல் விட்டது யார் என்று அவர் கேட்கவில்லை. நான் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தேன்.

இதில் இன்னொரு கூத்து. அந்தச் சவாரி அம்மா விபத்து நஷ்டஈட்டுத் தீர்ப்பாயத்தில் வழக்குப் போட்டார்கள். வண்டியே கைமாறிவிட்டது, எங்களுக்குப் பொறுப்பில்லை என்று கம்பெனி சொல்லிப் பார்த்தது. எடுபடவில்லை. மோட்டார் வாகனச் சட்டம் 157-ஆம் பிரிவுப்படி, வண்டி விற்கப்பட்டால் மூன்றாம் ஆளுக்கான பொறுப்பு வண்டியோடு சேர்ந்து தானாகவே புது ஓனருக்கு வந்துவிடும், யாரும் எழுதிக் கொடுக்க வேண்டியதில்லை. கடைசியில் மக்கள் நீதிமன்றத்தில் பேசி முடித்து அந்த அம்மாவுக்குப் பணம் கொடுத்தார்கள். நியாயமாகக் கிடைக்க வேண்டியது கிடைத்தது. அதே வண்டி, அதே பள்ளம், அதே பாலிசி. பின்சீட்டுக்கு வந்தது, முன்சீட்டுக்கு வரவில்லை. 'அவங்களுக்குக் குடுத்தவன் எனக்கு ஏண்ணே குடுக்கல?' என்று தம்பி ஒரே ஒரு தடவை கேட்டான். அன்றைக்குச் சொல்லியிருக்கலாம். கேள்வி நேராக வந்தது, ஸ்டாண்டிலும் வேறு யாரும் இல்லை. "அதாண்டா சட்டம், ஏழைக்கு ஒண்ணு, பணக்காரனுக்கு ஒண்ணு" என்றேன். அந்த அம்மா வீட்டு வேலை செய்து பிழைப்பவர்.

வண்டியை வந்த விலைக்குத் தள்ளிவிட்டான். சங்கிலி முழுகிப்போனது. இப்போது காமராஜர் சாலை ஓரத்தில் செல்போன் கவரும் சார்ஜரும் விற்கிறான், செயற்கைக் கால் வைத்திருக்கிறான். பெண் ஐந்தாம் வகுப்பு. நான் 2021-இல் வண்டியை விட்டுவிட்டேன், முதுகுவலி. நோட்டை மட்டும் விடவில்லை, ஆட்கள் வீட்டுக்குத் தேடி வருவார்கள். ஏஜென்ட்டிடம் காசு வாங்குவதை நிறுத்தினேன். பெயர் மாற்றம் என்றால் அன்றைக்கே ஓடுவேன். அதை யாராவது பாராட்டினால் வயிற்றைப் பிசையும்.

போன மாதம் தம்பி வீட்டுக்கு வந்தான். கூடவே அவன் மச்சினன், இருபத்தி நாலு வயது. புது ஆட்டோ புக் பண்ணியிருக்கிறான். ஷோரூம்காரர்கள் அவர்கள் சொல்லும் இன்சூரன்ஸைத்தான் எடுக்க வேண்டும் என்கிறார்களாம். தம்பி சொன்னான்: "நீங்க ஒருவாட்டி பாத்துட்டாத்தாண்ணே எனக்கு நிம்மதி. என் விஷயத்துல கம்பெனிக்காரன் ஏமாத்துன மாதிரி இவனுக்கு ஆயிறக் கூடாது."

ஷோரூம் சொல்வதைத்தான் எடுக்க வேண்டும் என்று கட்டாயமில்லை என்றேன். கொடுத்த மதிப்பீட்டை வாங்கிப் பார்த்தேன். ஐ.டி.வி. சரியாக இருந்தது. ஐ.எம்.டி. 23 இல்லை, சேர்க்கச் சொன்னேன். ஆக்டிங் டிரைவரிடம் வண்டியைக் கொடுப்பாயா என்று கேட்டேன். கொடுப்பேன் என்றான். சம்பள டிரைவருக்கான பொறுப்புக்கு 50 ரூபாய், அதையும் எழுதினேன். ஓனர் டிரைவர் காப்பீட்டுப் பெட்டியில் டிக் இருக்கிறதா என்று பார்த்தேன், இருந்தது. நாமினி கட்டம் காலியாக இருந்தது. நிரப்பச் சொன்னேன். மச்சினன், "இதெல்லாம் சேத்தா எவ்வளவுண்ணே கூடும்?" என்று கேட்டான். நான் பதில் சொல்வதற்குள் தம்பி, "அண்ணன் சொன்னாப் போடுடா" என்றான். தேநீர் குடித்துவிட்டுக் கிளம்பினார்கள். படியில் இறங்கும்போது தம்பி சுவரைப் பிடித்துக்கொண்டு ஒரு காலை முதலில் வைத்து, அப்புறம் மற்றதை வைத்தான்.

அன்றைக்கு இரவுதான் இதை எழுத உட்கார்ந்தேன். மூன்று தடவை எழுதிக் கிழித்தேன். முதல் தடவை எழுதியதில் 'எனக்கு அப்போது அவ்வளவாகத் தெரியாது' என்று ஒரு வரி இருந்தது. இரண்டாம் தடவை அந்த ஐயாயிரம் இல்லை. மூன்றாம் தடவை மிக்ஸி இல்லை.

தம்பியிடம் அந்தக் கடிதம் இருக்கும். எதையும் தூக்கிப் போடுகிறவன் இல்லை. இந்தக் காகிதத்தையும் எடுத்துக்கொண்டு போய், அதையும் கேட்டு வாங்கி, இரண்டையும் இருக்கிறபடியே படித்துக் காட்ட வேண்டும். ராத்திரி ஒன்பதரைக்குக் கடை சாத்துவான். அந்த நேரத்தில் கூட்டம் இருக்காது.